உள்ளே போன சிடி

நூற்பாலைத் தொழிலாளர் நலன், மருத்துவ உதவி மற்றும் மறுபரிசீலனை வாரியத்தின் திண்டுக்கல் மண்டல அலுவலகத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு பலகை. ‘உங்கள் வலி எங்கள் வலி’ என்று அதில் எழுதியிருக்கும். பலகைக்குக் கீழே, வலி உள்ளவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. அந்த பெஞ்சுக்கு ஒரு கால் கிடையாது. காலுக்குப் பதிலாகப் பழைய கோப்புக் கட்டு ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த அலுவலகத்தின் கோப்புகள் ஒரு மனிதரையாவது தாங்கியிருக்கின்றன என்றால் அது அந்த இடத்தில்தான்.

கன்னிவாடிப் பக்கம் தேங்காய் வியாபாரம் செய்யும் ராயப்பராஜ், மனைவி அல்போன்சாவை அந்த பெஞ்சில் பார்த்து உட்கார வைத்துவிட்டு, மஞ்சள் பையோடு உள்ளே போனார். அல்போன்சா ஒரு நூற்பாலையில் நூல் முறுக்கும் ரிங்பிரேம் மெஷின் ஓட்டுகிறவள். ஷிப்டு முடியும்வரை நின்றுகொண்டும் நடந்துகொண்டும் பார்க்கிற வேலை. எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுந்ததில் இடது முழங்கால் மூட்டின் ஜவ்வு கிழிந்துவிட்டது. “நாளாக நாளாக ஜவ்வு சுருங்கிரும், அப்புறம் தைக்க முடியாது. வாரியத்துல ஒப்புதல் வாங்கிட்டு வாங்க, வந்த மறுநாளே செஞ்சிரலாம்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒப்புதல் வந்தால் அவள் மறுபடி நிற்பாள். நிற்க முடியாதவளுக்கு மில்லில் இடமில்லை என்பதை சூப்பர்வைசர் நலம் விசாரிக்க வந்தபோதே ஜாடையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வாரியத்தின் விதிப்படி ஸ்கேனை சிடியில்தான் கொண்டுவர வேண்டும். ஃபிலிமாகக் கொண்டுவந்தால் நோயாளி ஏமாற்றலாமாம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் டாக்டர் ஏமாற்றலாமாம். சிடி மட்டும் பொய் சொல்லாது என்று மேலிடத்தில் யாருக்கோ எந்தக் காலத்திலோ தோன்றியிருக்கிறது. அந்த யாரோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார், விதி ஓய்வு பெறவில்லை. இடையில் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றில் சிடி போடுகிற இடமே இல்லை. ஆகவே மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றுதான் மண்டலம் முழுவதற்கும் சத்தியத்தின் வாசலாக இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த மரியாதை எந்தத் தொழிலாளிக்கும் அங்கே கிடைத்ததில்லை. பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மண்டல அலுவலர் ஆனந்த்ராஜ் தன் கையாலேயே சந்தனம் குழைத்து அதன் முகத்தில் அப்புவார். முகம் என்று அவர் முடிவு செய்திருந்த இடம் சிடி டிரைவ். ஸ்டோர் கிளார்க் பிரின்ஸ், வேளாங்கண்ணி போய்வந்தபோது வாங்கிய மாதா ஸ்டிக்கரை அதே டிரைவின் விளிம்பில் ஒட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் பேகம்பூரிலிருந்து சாம்பிராணி போட வருகிற பாய், கடைகளுக்குக் காட்டுவதுபோல இதற்கும் நெருங்கி நின்று புகை காட்டி, மயில்தோகையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். “மூணு மதமும் சேர்ந்து காப்பாத்துற மெஷின்” என்று ஆனந்த்ராஜ் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். சர்வீஸ் மட்டும் யாரும் செய்ததில்லை.

பிரிவு எழுத்தர் விக்னேஷ்குமாருக்கு நெய்க்காரப்பட்டி. இல்லை என்று சொல்வதைக்கூட அவ்வளவு மரியாதையாகச் சொல்லுவார். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் ஏறிய பிறகுதான் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று உணருவார்.

“குடுங்க, போட்டுப் பார்த்துரலாமுங்க” என்று சிடியை வாங்கினார். கருவறைத் திரையை விலக்குவதுபோல உறையை விலக்கினார். பொத்தானை அழுத்தினார். தட்டு வரவில்லை. இது அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது. இரும்பு ஸ்கேலை இடுக்கில் விட்டு நெம்பினார். காய்ந்த சந்தனம் பொருபொருவென்று உதிர்ந்து தட்டு வெளியே வந்தது. சிடியை வைத்து, உள்ளங்கையால் ஒரு அறை கொடுத்து மூடினார். உள்ளே கொர்ர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஏதோ இழுத்துப் பிடித்த மாதிரி நின்றது. மறுபடி பொத்தானை அழுத்தினார். ஸ்கேலை விட்டார். பக்கத்தில் இருந்தவரும் ஒரு அழுத்து அழுத்தினார்.

“வரலீங்களே” என்றார் விக்னேஷ்குமார்.

“எது தம்பி?”

“உங்க சிடிங்க.”

ராயப்பராஜ் குனிந்து பார்த்தார். சந்தனப் பொட்டுக்கு மேலே மாதா அவரைப் பார்த்தாள். “சரி தம்பி, வெளிய வர்றப்ப வரட்டும். உள்ளதானே இருக்கு? செத்த நேரம் அந்த டிவியில பாத்து ஒரு கையெழுத்தப் போட்டுக் குடுங்க. அவ வெளிய வலியோட உக்காந்திருக்கா.”

விக்னேஷ்குமார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஏனுங்க, உங்ககிட்ட மறைக்கிறதுக்கென்னங்க. நாங்க பார்க்கிறதுன்னு ஒண்ணும் இல்லீங்க. அதைப் பார்த்தா எங்களுக்கு என்னங்க தெரியும்? உள்ள போடுவோமுங்க. சத்தம் வருமுங்க. வெளிய எடுத்து ‘பார்வையிடப்பட்டது’ன்னு எழுதிருவோமுங்க.”

“அப்ப சத்தம் வந்துச்சே தம்பி! நானும் கேட்டேனே!”

“வந்துச்சுங்க. ஆனா வெளிய எடுத்தாத்தானுங்க பார்த்து முடிச்சதா அர்த்தம்.”

இப்படித்தான் ஆரம்பித்தது. ராயப்பராஜ் மண்டல அலுவலர் ஆனந்த்ராஜின் அறைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். ஆனந்த்ராஜ் நல்ல உயரம். யாரிடம் பேசினாலும் அந்த ஆளின் தலைக்கு மேலே கூட்டம் ஒன்று நின்று கேட்டுக்கொண்டிருப்பதுபோலப் பேசுவார்.

“உங்க சிடி உள்ள போற நிமிஷம் வரைக்கும் எங்க மெஷின் நல்லா இருந்துச்சு. உண்மையா, இல்லையா?”

“உண்மைதான் சார்.”

“போனதுக்கப்புறம் கெட்டுப்போச்சு. உண்மையா, இல்லையா?”

“அதுவும் உண்மைதான் சார், ஆனா…”

“ஆனா எல்லாம் எழுத்துல குடுங்க.”

ராயப்பராஜ் எழுத்தில் கொடுத்தார். சிடியைக் கொண்டுவந்தது நான்தான், அது உள்ளே போனதும் உண்மை, அது வெளியே வராததற்கு நான் காரணம் இல்லை என்று மூன்றே வாக்கியம். பதில் வந்தது. முதல் இரண்டு வாக்கியங்கள் ஒப்புதல் வாக்குமூலமாகப் பதிவு செய்யப்பட்டன என்றும், மூன்றாவது வாக்கியம் பரிசீலனையில் உள்ளது என்றும் அதில் இருந்தது.

வீட்டில் அல்போன்சா, “அந்த ஸ்கேன் சென்டர்லயே இன்னொரு சிடி கேட்டு வாங்கிட்டு வாங்களேன்” என்றாள். நல்ல யோசனை. ராயப்பராஜ் ஓடிப்போய் வாங்கிவந்தார். விக்னேஷ்குமார் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பார்த்தார்.

“ரொம்ப நல்லதுங்க. ஆனா இது நகலுங்களே.”

“ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. அதே மூட்டு, அதே ஜவ்வு.”

“அசலோட ஒப்பிட்டுப் பார்த்துத்தானுங்க நகலை ஏத்துக்கணும். அசல் உள்ள இருக்குதுங்களே.”

“சரி, அசல வெளிய எடுங்க.”

“எடுத்துட்டா நகல் எதுக்குங்க?”

ராயப்பராஜ் வெளியே வந்து, ஒரு கால் இல்லாத அந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பதிலில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

அடுத்த முறை அவர் நேராக ரிப்பேர் பற்றியே பேசினார். தன் செலவிலேயே ஆள் கூட்டிவந்து சரிசெய்து தருவதாகச் சொன்னார். அதற்கு ஸ்டோர் கிளார்க் பிரின்ஸைப் பார்க்கச் சொன்னார்கள். பிரின்ஸ் டிபன்பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன என்று மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்தக் கம்ப்யூட்டர்ணே?”

“அந்தா, மூலையில இருக்கே.”

“அங்க கம்ப்யூட்டர் எதுவும் இல்லையேண்ணே.”

ராயப்பராஜ் திரும்பிப் பார்த்தார். இருந்தது. பூப்போட்ட உறை காற்றில் ஆடிக்கொண்டுகூட இருந்தது.

“கண்ணுக்கு இருக்கும்ணே. அதைக் கண்டம் பண்ணி ரொம்ப வருசம் ஆச்சு. பயன்படாதுன்னு கழிச்சு, ஏலத்துல போனதா எழுதி, மேலிடத்துக்கு அனுப்பியாச்சு. அதுக்குப் பதிலாத்தான் புதுக் கம்ப்யூட்டரே குடுத்தாங்க. இப்ப இல்லாத பொருளுக்கு எப்படி ரிப்பேர் எழுதுறது?”

“அப்ப ஏலத்துல போகலையா?”

“போயிருந்தா உங்க சிடிய எதுலண்ணே போடுறது?”

“சரிப்பா, இல்லாத பொருள்தானே. அதைத் தூக்கி என் வண்டியில வச்சிருங்க. நான் வெளிய கொண்டுபோயி சிடிய எடுத்துட்டுத் திருப்பிக் கொண்டாந்து வச்சிர்றேன்.”

பிரின்ஸ் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “இல்லாத பொருளை எப்படிண்ணே உங்ககிட்ட குடுக்க முடியும்?”

அழுகல் காயை நல்ல காய் என்று விற்கிறவர்களை ராயப்பராஜ் தன் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறார். கண்ணெதிரே கிடக்கிற காயையே இல்லை என்று சாதிக்கிறவரை இப்போதுதான் பார்க்கிறார். அவருக்கு அழுகைதான் வந்தது. அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அல்போன்சாவின் மூட்டு முன்பைவிட வீங்கியிருந்தது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்று அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“இன்னும் எம்புட்டு நாளைக்கு அலைவீங்க? நாளைக்கு நானும் வாரேன். அந்தப் பெரிய சார் என் காலப் பாக்கட்டும். பாத்தா இரக்கம் வராதா?”

வந்தாள். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் ராயப்பராஜின் தோள். ஆனந்த்ராஜ் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அவளுடைய மூட்டைக் கூர்ந்து பார்த்தார்.

“அம்மா, நான் கல் நெஞ்சுக்காரன் இல்ல. இந்த வீக்கத்தை ஒரு மனுஷனா நான் நம்புறேன். ஆனா மண்டல அலுவலரா நம்ப முடியாது. நீங்க நேர்ல வந்து நிக்கிறது வெறும் ஆதாரம்தான். சிடிதான் சாட்சி.”

“சார், சிடியில இருக்கிறதும் என் மூட்டுதான் சார்.”

“அதை சிடி சொல்லணும்மா. நீங்க சொல்லக் கூடாது.”

அல்போன்சா கணவனைப் போல அழுகிற ரகம் இல்லை. அந்த அறையிலேயே தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். சிடி வெளியே வராமல் நானும் வெளியே போகப் போவதில்லை என்றாள். உள்ளே போனது வெளியே வராத இன்னொரு விவகாரம் தன் அறையிலேயே உருவாகிறது என்றதும் ஆனந்த்ராஜ் சுறுசுறுப்பானார். அன்றைக்கே ஒரு குழு அமைத்து, அதைச் சொல்லியே அவளை எழுப்பி வெளியே பெஞ்சுக்கு அனுப்பினார். கழிக்கப்பட்ட இயந்திர உயிர்ப்பிப்பு ஆலோசனைக் குழு என்று அதற்குப் பெயர். தலைவர் ஆனந்த்ராஜ், உறுப்பினர்கள் பிரின்ஸும் விக்னேஷ்குமாரும். சிறப்பு அழைப்பாளராக, பேகம்பூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சௌகத் அலி.

சௌகத் அலி லேசில் வரவில்லை. ஒரு காலத்தில் அவர் இவர்களுடைய பிரிண்டரைச் சரிசெய்துவிட்டு, கீழே கிடந்த ஒரு திருகை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தத் திருகு பிரிண்டருடையதா, மேசையுடையதா என்ற விசாரணைக்கு இன்னும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை, தான் தொடும் எல்லாத் திருகுக்கும் தான் பொறுப்பல்ல என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார். டிரைவைக் கழற்றி வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“யா அல்லா. சார், இது கம்ப்யூட்டர் பார்ட்டா, பூஜை ரூமா?”

“ஏன் பாய்?”

“உள்ள பூரா சந்தனம் இறுகிக் கெடக்கு. தட்டு ஓடுற பல்லுச் சக்கரமே தெரியல. லென்சு மேல சாம்பிராணிக் கரி. ஸ்டிக்கர் பசை வழிஞ்சு பெல்ட்டுல ஒட்டியிருக்கு. மூணுல ஒண்ணு இருந்தாலே வாய் திறக்காது. இதுல மூணும் இருக்கு.”

 பிரின்ஸ் விட்டத்தைப் பார்த்தார். விக்னேஷ்குமார் தரையைப் பார்த்தார். ஆனந்த்ராஜ் தன் வலது கை விரல்களை ஒரு முறை பார்த்துவிட்டு மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“பழுதுக்கான காரணம்னு ஒரு இடம் இருக்கு. என்ன சார் எழுத?” என்று கேட்டார் பிரின்ஸ்.

“ஈரப்பதம்னு எழுதுங்க.”

“நம்ம திண்டுக்கல்லுலயா சார்?”

“மலை பக்கத்துலதானே இருக்கு? எழுதுங்க.”

இப்படியாகத் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடுகிற ஊரில் ஒரு சிடி டிரைவ் ஈரப்பதத்தால் கெட்டுப்போனது என்பது ஆவணமாயிற்று. டிரைவைச் சுத்தம் செய்து, பெல்ட்டும் லென்சும் மாற்றி, அதோடு உள்ளே பழுதாகிக் கிடந்த வேறு சாமான்களையும் மாற்றினால்தான் பழையபடி ஓடும் என்றார் சௌகத் அலி. “இப்பவே உடைச்சு சிடிய மட்டும் எடுத்துத் தந்துரவா?” என்றும் கேட்டார். ராயப்பராஜ் சரி என்று வேகமாகத் தலையை ஆட்டினார். “உடைக்கக் கூடாது” என்று குழு ஒரே குரலில் சொன்னது. இல்லாத பொருளைச் சேதப்படுத்தினால் இருந்த பொருளைச் சேதப்படுத்தியதைவிடப் பெரிய விசாரணை வருமாம்.

செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான் பாக்கி. கழித்த இயந்திரத்துக்கு ரிப்பேர்ச் செலவு எழுத முடியாது. அலுவலகப் பராமரிப்பில் எழுதினால் எந்தப் பொருளுக்கு என்று கேட்பார்கள். ஆனந்த்ராஜ் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. ராயப்பராஜையும் அல்போன்சாவையும் உள்ளே கூப்பிட்டார்.

“சந்தோஷமான சேதி. உங்க பேருல மருத்துவ உதவிக்கு அனுமதி குடுத்தாச்சு. ரெண்டு பேரும் இங்க ஒரு கையெழுத்து.”

ராயப்பராஜ் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அல்போன்சா போட்டுவிட்டு ஆனந்த்ராஜைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை நினைத்தால் இதைச் சொல்கிற எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது. வெளியே வந்ததும் ராயப்பராஜ் டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னார். டாக்டர், உத்தரவு கைக்கு வந்ததும் கூட்டிவாருங்கள் என்றார். உத்தரவை விழாவில்தான் தருவார்கள் என்று விக்னேஷ்குமார் சொன்னார்.

விழா என்றால் விழாவேதான். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். பூ மார்க்கெட்டிலிருந்து இரண்டு மாலை வந்தது, ஒன்று ஆனந்த்ராஜுக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு. ‘உதவிக்கரம் நீட்டும் விழா’ என்று பேனர். பேனரில் ஆனந்த்ராஜ் கைகூப்பிக்கொண்டிருந்தார். மற்ற விண்ணப்பதாரர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். இடுப்பில் பெல்ட் கட்டியவர்கள், கையைத் தொங்கவிட்டவர்கள், இருமுகிறவர்கள் எல்லாரும் கையில் சிடியோடு போண்டாவுக்கு வரிசையில் நின்றார்கள்.

ஆனந்த்ராஜ் பேசினார். “பெரியோர்களே, இந்த வாரியம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து எத்தனையோ பேரு முதுகு வலி, மூட்டு வலின்னு வந்திருக்காங்க. போயிருக்காங்க. சில பேரு போயே போயிட்டாங்க. அவங்களை நான் குறை சொல்லல. அவங்க வந்து போறவங்க. நாம இங்கயே இருக்கிறவங்க. இருக்கிறவங்களை யாரு கவனிக்கிறது? இந்த மெஷின் ஒரு நாள் லீவு கேட்டிருக்கா? எனக்கு வலிக்குதுன்னு மனு குடுத்திருக்கா? கேக்கிறவங்களுக்கே குடுத்துக்கிட்டிருந்தா கேக்காதவங்க கதி என்ன? அதான் இந்த ஆண்டு நம்ம மண்டலம் ஒரு முன்மாதிரியான முடிவு எடுத்துச்சு.” இங்கே கைதட்டலுக்காக நிறுத்தினார். விக்னேஷ்குமார் தட்டினார்.

பிறகு பொத்தானை அழுத்தினார். தட்டு ஒரு முனகலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதில் அல்போன்சாவின் சிடி பளபளவென்று இருந்தது. மூடினார். கொர்ர்ர் என்று சத்தம் கேட்டது. திறந்தார். விக்னேஷ்குமார் அங்கேயே குனிந்து ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதினார். கூட்டத்தில் உண்மையாகவே கைதட்டல் எழுந்தது.

பிரின்ஸ் உத்தரவைப் படித்தார். “கன்னிவாடி அல்போன்சா அவர்களின் பெயரில் அனுமதிக்கப்பட்ட மருத்துவ உதவியின்படி, பழுதடைந்த உறுப்பு மாற்றப்பட்டு, தற்போது நல்ல முறையில் இயங்குகிறது. கோரிக்கை இத்துடன் முடித்துவைக்கப்படுகிறது.”

ராயப்பராஜுக்குப் புரியவில்லை. “சார், இன்னும் ஆபரேஷனே செய்யலையே?”

“செஞ்சாச்சே! இப்பத்தானே திறந்து மூடிக் காட்டினேன்” என்றார் ஆனந்த்ராஜ். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார். “கழிச்ச மெஷினுக்குச் செலவு எழுத வழியில்லைங்க. எங்ககிட்ட இருக்கிறது மருத்துவ உதவி நிதி ஒண்ணுதான். உங்க சிடிக்காகத்தானே ரிப்பேரு? அதனால உங்க வீட்டம்மா உதவியில எழுதினோம். கையெழுத்துப் போட்டீங்களே.”

“அப்ப அவ மூட்டு?”

“ஒரு காயத்துக்கு ஒரு முறைதாங்க உதவி. அது விதி. விதிய நான் மீறினா நாளைக்கு நீங்களே என்னை மதிக்க மாட்டீங்க.”

ராயப்பராஜ் உத்தரவை வாங்கிப் பார்க்க பிரின்ஸிடம் கையை நீட்டினார். அதற்குள் போட்டோக்காரர் அல்போன்சாவைக் கூப்பிட்டார். மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் பயனாளியும் இயந்திரமும் சேர்ந்து நிற்கும் படம் வேண்டுமாம். நடந்ததை இன்னும் முழுதாக வாங்கிக்கொள்ளாத முகத்தோடு அவள் போய் மேசையருகே நின்றாள். தட்டு திறந்தபடி இருந்தது, சிடியும் அதில் இருந்தது.

“அம்மா, அந்தக் கம்பை ஓரமா வச்சிருங்க. நலமா இருக்கிற மாதிரி தெரியணும்” என்றார் ஆனந்த்ராஜ். சொன்னதோடு நிற்காமல், தானே அதை வாங்கிச் சுவரோரம் சாய்த்தார்.

“சிரிங்கம்மா” என்றார் போட்டோக்காரர்.

இடது கால் தாங்கவில்லை. அல்போன்சா சாய்ந்தாள். கைக்கு எட்டிய ஒரே பொருளைப் பிடித்தாள். அது சிடி டிரைவின் தட்டு. மடக் என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் தட்டோடு தரையில் விழுந்தாள்.

“டிரைவு! டிரைவு!” என்று கத்தினார் ஆனந்த்ராஜ். பிரின்ஸும் விக்னேஷ்குமாரும் பாய்ந்துபோய்க் கம்ப்யூட்டரை ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்தார்கள். அல்போன்சாவிடம் ஓடியது ராயப்பராஜ் மட்டும்தான்.

“எந்தக் காலு புள்ள?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வலது மூட்டைப் பிடித்திருந்தாள். “நல்ல காலுங்க.”

ராயப்பராஜ் எழுந்தார். வாழ்நாளில் யாரையும் ஒரு சொல் அதட்டாத மனிதர், “யோவ், நீங்கெல்லாம் மனுசங்கதானாய்யா!” என்று கத்தினார்.  வரிசையில் நின்றவர்கள் கையில் இருந்த போண்டாவைக் கீழே வைத்தார்கள்.

“சத்தம் போடாதீங்க” என்றாள் அல்போன்சா. தரையில் உட்கார்ந்தபடியே ஆனந்த்ராஜைப் பார்த்தாள். “சார், ஒரு காயத்துக்கு ஒரு தடவைதானே? இடது மூட்டுக்குக் குடுத்து முடிச்சாச்சு. சரி, போகட்டும். இது வலது மூட்டு. விழுந்தது உங்க ஆபீஸுக்குள்ள, இம்புட்டு பேரு பாத்திருக்காங்க. இதுக்குப் புதுசா எழுதுங்க.”

ஆனந்த்ராஜின் முகத்தில் மெல்ல மெல்ல நிம்மதி பரவியது. இது அழுகையோ கூச்சலோ இல்லை, விண்ணப்பம். விண்ணப்பத்தை என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

“தாராளமா எழுதலாம்மா. வலது மூட்டு தனிக் காயம்தான். விதியில இடமிருக்கு. ஸ்கேன் எடுத்து, சிடியில போட்டுக் கொண்டு வாங்க.”

அல்போன்சா கையிலிருந்த உடைந்த தட்டைத் தூக்கிக் காட்டினாள். “கொண்டாந்தா எதுல சார் போடுவீங்க?”

சிடியோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஆனந்த்ராஜ் மாலையைச் சரிசெய்துகொண்டார்.

“அதைப் பத்தி நீங்க கவலைப்படக் கூடாதும்மா. முதல்ல சிடியக் கொண்டு வாங்க. நீங்க கொண்டு வந்தாத்தான், போட்டுப் பார்க்க டிரைவ் இல்லைன்னு நாங்க எழுதவே முடியும்.”